உங்கள் ஊர் வைன் எது?

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி எங்கள் வீடு. மேல்மாடியில் மூன்று அறைகள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அவற்றை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். என் கணவர் ஆட்டோ ஓட்டுவார். சமையலும் கதையும் என் பொறுப்பு. கதை என்றால், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு என்று வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் சொல்வது. பத்து வருடமாகச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது.

ஒரு வைகாசி கடைசியில் பிரான்சிலிருந்து கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்து மூன்று கிழமை தங்கினார்கள். இருவருக்கும் அறுபது வயதைத் தாண்டியிருக்கும். போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் சாந்த் எமிலியோன் என்ற சிற்றூரில் பரம்பரையாக வைன் செய்கிறவர்கள். இரண்டாம் நாள் காலை இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார், "உங்கள் ஊர் வைன் எது?"

இங்கே முந்திரிகை விளையாது, யாழ்ப்பாணத்தில்தான் உரும்பிராய், கோண்டாவில் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், அதுவும் சாப்பிடுகிற பழம்தான் என்றேன். (தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. உங்கள் முந்திரிப்பருப்பை நாங்கள் கஜு என்போம்.)

அவர் விடவில்லை. "நான் முந்திரிகையைக் கேட்கவில்லை. இந்த மண்ணில் இருந்து வருகிற, இந்த ஊர்ச் சனம் குடிக்கிற பானம் எது?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். சொதியை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, தேத்தண்ணீர் என்று சொல்லித் தப்பினேன்.

அன்று பின்னேரம் அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊராம். எட்டாம் நூற்றாண்டில் எமிலியோன் என்ற துறவி அங்கே ஒரு குகையில் வந்து இருந்தார். அவர் பெயர்தான் ஊருக்கும். பிறகு வந்தவர்கள் ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து நிலத்துக்குக் கீழே பெரிய தேவாலயம் ஒன்றைச் செய்தார்கள். மேலே கோபுரம் மட்டும் தெரியும். பக்கத்து நகரத்தில் மாளிகைகள் கட்ட அங்கிருந்து கல் வெட்டிப் போனார்கள். வெட்டிய இடமெல்லாம் சுரங்கமாகி, வருடம் முழுவதும் ஒரே குளிரோடு இருப்பதால், வைன் பீப்பாய்களை வைக்க வாய்ப்பாகிவிட்டது.

1199இல் இங்கிலாந்து அரசர் ஜோன் அந்த ஊருக்கு ஓர் உரிமைப் பத்திரம் கொடுத்தார். பிரான்சில் இங்கிலாந்து அரசருக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஜோனின் தாய் எலினோர் அந்த நாட்டுச் சீமாட்டி. கலியாணத்தோடு நிலமும் இங்கிலாந்துக்குப் போய்விட்டதாம். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே ஆண்டிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்திரத்தின்படி ஊர்ப் பெரியவர்கள் சபையாகக் கூடி ஊரை நடத்தினார்கள். எப்போது பழம் வெட்டத் தொடங்கலாம், எந்த வைன் ஊர்ப் பெயரில் போகலாம் என்பதெல்லாம் அவர்கள் சொன்னபடிதான். 1289இல் ஊரின் எல்லையை எட்டுப் பங்குகளாக (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியைப் பங்கு என்போம்) எழுதி வைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியோடு சபை கலைந்தது. 1948இல் வைன் செய்கிறவர்கள் அதைத் திரும்பத் தொடங்கினார்கள். இப்போதும் புரட்டாதியில் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு பழைய கோபுரத்தில் ஏறி, அறுவடை தொடங்கலாம் என்று அறிவிக்கிறார்களாம்.

1999இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. என்னை நிமிரவைத்த விசயம் இதுதான்: சேர்த்தது தேவாலயத்தை மட்டும் இல்லை, எட்டுப் பங்கு முந்திரிகைத் தோட்டத்தையும் சேர்த்து. இன்றும் உழுது, வெட்டி, விற்றுக்கொண்டிருக்கிற தோட்டம் எப்படி மரபுரிமை ஆகும்? எனக்கு மரபுரிமை என்றால் கம்பி வேலி போட்டு, டிக்கெற் வெட்டுகிற இடம். அவர் சொன்னார், "தோட்டம் செய்வதை நிறுத்தினால் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அது முழுப் பகிடி இல்லை."

அடுத்த நாள் அவர்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வழக்கம்போல, மூவாயிரம் வருடத்துக் கோயில் என்று தொடங்கினேன். அந்த ஐயா மரியாதையாகக் கேட்டார், "அது எதில் எழுதியிருக்கிறது?" எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. தங்கள் துறவியைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறதாம். ஏழைகளுக்கு அங்கிக்குள் ஒளித்துப் பாண் (ரொட்டி) கொண்டுபோகும்போது எசமான் பிடித்துக்கொண்டானாம், பாண் விறகாக மாறிவிட்டதாம். "அந்தக் கதையை நாங்கள் ஆசையாகச் சொல்வோம். ஆனால் சொல்கிறார்கள் என்று சொல்வோம். 1199 மட்டும்தான் காகிதம்."

தமிழில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. 'என்பர்', 'ஆம்' என்று முடித்தால் போதும். அன்றிலிருந்து நான் பிரித்துத்தான் சொல்கிறேன். குளக்கோட்டன் என்ற அரசன் திருப்பணி செய்தானாம், இராவணன் மலையை வெட்டினானாம். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடியது ஏட்டில் இருக்கிறது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் வைத்து 1624இல் கோட்டை கட்டியது இருக்கிறது. கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லை அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். 1639இல் ஒல்லாந்தர், 1782இல் முதலில் ஆங்கிலேயர், அதே வருடத்தில் பிரெஞ்சுக்காரர். இதைச் சொன்னதும் இருவரும் நின்றுவிட்டார்கள். தங்கள் நாட்டுக் கடற்படை இந்தக் கோட்டையைப் பிடித்தது அவர்களுக்குத் தெரியாது. மூவாயிரம் வருடத்துக்குக் கிடைக்காத கவனம் இந்த ஒரு வருடத்துக்குக் கிடைத்தது.

சரி, கள்ளுக்கு வருவோம். திரும்பி வரும்போது நானே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். இங்கே பனை இருக்கிறது, பனங்கள் இருக்கிறது, ஆனால் பொம்பிளைகள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோசம். நாளைக்கே போவோம் என்றார். சம்பூர்ப் பக்கம் ஒரு தவறணை (கள்ளுக்கடை) இருக்கிறது என்று என் கணவர் விசாரித்துவிட்டு வந்தார். அவருக்கு விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை என்பது என் எண்ணம். அதை இங்கே விடுவோம்.

காலையில் மாமி, இன்றைக்கு விரதம், பறுவம் (பௌர்ணமி) என்று சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுத்து, 2009இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தைப் 'பாதை'யில்தான் கடப்போம் என்று சொல்லி (எங்களுக்குப் பாதை என்றால் வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகும்தான்), மூதூர் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் தவறணை பூட்டு. பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். போயா நாளில் நாடு முழுக்க மதுசாரம் விற்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. யாரையாவது இப்படிக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள் முதலில் கலண்டரைப் பாருங்கள். இரண்டாவது, ஒளித்து வீட்டில் விற்கிற இடத்துக்கு விருந்தாளியைக் கூட்டிப்போக வேண்டாம். சீவுவதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாட்டிக்கொண்டால் நீங்கள் தப்பினாலும் சீவுகிற மனிதர் தப்பமாட்டார்.

ஆனால் பூட்டின தவறணை செய்த நன்மை ஒன்று உண்டு. அதன் முன்னால் வேலியோரம் குந்தியிருந்த ஒரு வயதானவர், "என்ன பிள்ளை, வெள்ளைக்காரருக்குக் கள்ளு வாங்க வந்தனியோ?" என்று கேட்டுச் சிரித்தார். நாற்பது வருடம் பனை ஏறியவர். இப்போது முழங்கால் விடாது. 2006இல் சம்பூர்ச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தபோது இவரும் போய், கிளிவெட்டி முகாமில் பத்து வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

அப்புவிடம் (அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்) நான் முதலில் கேட்டது மடத்தனமான கேள்வி. "அப்பு, உங்கட தொழிலின்ட வரலாற்றைச் சொல்லுங்கோ." அவர், "என்ன வரலாறு, ஏறினம், சீவினம், இறங்கினம்" என்று முடித்துவிட்டார். அப்போது அந்தப் பிரெஞ்சு ஐயா, அவர் இடுப்பைக் காட்டி, கத்தியை எதில் செருகுவார் என்று சைகையால் கேட்டார். அவ்வளவுதான். அப்பு எழும்பி வீட்டுக்குள் போய்ப் பாளைக்கத்தியைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு மணி நேரம் அவரை நிறுத்த முடியவில்லை.

இது நான் கற்ற பெரிய பாடம். கைத்தொழில் செய்தவர்களிடம் வரலாறு கேட்காதீர்கள், ஆயுதத்தைக் கேளுங்கள். கத்தி ஏன் இவ்வளவு மெல்லியது, ஏறும்போது காலில் மாட்டுகிற தளநார் எதில் செய்தது, கள் இறங்குகிற முட்டியை எப்படிக் கட்டுவது. வரலாறு அதற்குள்ளே இருந்து தானாக வரும்.

அவர் சொன்னதில் முக்கியமானதைத் தருகிறேன். பனையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரண்டிலும் கள் எடுக்கலாம், பாளையைப் பதப்படுத்துகிற விதம்தான் வேறு. பாளையைக் கட்டி, சில நாள் நசுக்கிப் பக்குவம் செய்தபிறகுதான் நுனியைச் சீவத் தொடங்குவது. காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நேரம் விட்டால் வெட்டின இடம் காய்ந்து ஊறல் நின்றுபோகும். சீவுவதும் காகிதம்போல மெல்லிசாக. கூடச் சீவினால் பாளை கெதியாக முடிந்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அதுதான் கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றில் இருக்கிற மதுவமே (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். மரத்தில் இருந்து இறங்கும்போதே பாதிக் கள். அடுத்த நாள் வினாகிரி.

இதை மொழிபெயர்த்தபோது அந்த ஐயா அசந்துபோனார். தாங்கள் நொதிக்கவிட்டு, பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்து, போத்தலில் இன்னும் பல வருடம் வைக்கிற வேலையை, இந்த மரம் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுகிறதே என்றார். பலமும் அப்படித்தான். அவர்கள் வைனில் மதுசாரம் நூற்றுக்கு 13, 14. கள்ளில் 5 அளவு.

அப்புவுக்கு ஒவ்வொரு பனைக்கும் ஒரு பெயர் இருந்தது. பிள்ளையாரடிப் பனை, கோணல், சின்னாச்சி, இடிவிழுந்தான். பதினொரு பெயர் சொன்னார். சின்னாச்சிக் கள் இனிக்குமாம். உப்புத்தண்ணீர் ஏறுகிற பக்கம் நிற்கிற கோணல் ருசி வேறாம். கண்ணை மூடிக்கொண்டு குடித்து மரத்தைச் சொல்வாராம். இதைக் கேட்டபோது பிரெஞ்சுக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரிலும் சுண்ணாம்புப் பாறை மேட்டில் விளைந்ததற்கு ஒரு ருசி, கீழே மணல் தரையில் விளைந்ததற்கு ஒரு ருசி. 1955இல் தொடங்கி, ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒருமுறை தோட்டங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். பெயர் ஏறினவனுக்குக் கொண்டாட்டம், இறங்கினவன் நீதிமன்றத்துக்குப் போவானாம்.

பதினொன்றில் எத்தனை நிற்கிறது என்று கேட்டேன். திரும்பி வந்தபோது மூன்று நின்றது என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அங்கேதான் பிழை விட்டேன். அப்பு, "சூறாவளி அடிச்ச வருசம்தான் முதல் ஏறினனான்" என்றார். கிழக்கில் சூறாவளி என்றால் 1978 கார்த்திகைதான் என்று என் தலையில் இருந்தது. மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது அது. 1978 என்றே எழுதிவிட்டேன். அடுத்த கிழமை ஒரு கோப்பை கள்ளும் பொரித்த மீனும் என்று திரும்பிப் போனபோது கணக்கு இடித்தது. அவர் தன் மூத்த மகள் பிறந்தது 1972 என்கிறார், அப்போது தான் மரம் ஏறிக்கொண்டிருந்ததாகவும் சொல்கிறார். கேட்டால், அவர் சொன்னது 1964 மார்கழிச் சூறாவளி. தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி திருகோணமலைக் கரையையும் அடித்துவிட்டுத்தான் போனது. பதினான்கு வருடத்தை ஒரு சொல்லில் விழுங்கியிருந்தேன்.

இப்போது யார் ஒரு வருடத்தை நிகழ்ச்சியை வைத்துச் சொன்னாலும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். பிள்ளை பிறந்ததற்கு முன்னா பின்னா? கந்தளாய்க் குளம் உடைந்த 1986க்கு முன்னா? சுனாமிக்கு எத்தனை வருடம் முதல்? இரண்டு கயிறு கட்டினால்தான் வருடம் அசையாமல் நிற்கும். கொப்பியிலும் அவர் சொன்னதை ஒரு நிறத்திலும், நான் ஊகித்ததை இன்னொரு நிறத்திலும் எழுதுகிறேன். இது சின்ன வேலைதான், ஆனால் நாலு மாதம் கழித்து எது யாருடைய சொல் என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

இன்னொரு விசயம் பணம். முதல் நாளே காசு கொடுக்க வேண்டாம், அது கதையின் போக்கையே மாற்றிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாறைக் கோயிலைக் காட்ட அவர்கள் ஊரில் டிக்கெற் இருக்கிறது. அப்புவின் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஏன் விலை இல்லை? இப்போது விருந்தாளிகளிடம் முன்கூட்டியே ஒரு தொகை சொல்கிறேன், அதை அப்படியே அவர் கையில் கொடுக்கிறேன். படம் எடுப்பதென்றால் அவரைக் கேட்ட பிறகு. ஏறிக் காட்டச் சொல்லிக் கேட்பதே இல்லை, யாரையும். பனையிலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அந்த மூன்று கிழமையில் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது ஒன்று. அவர்கள் ஊரில் எண்ணூறு வருடத்துக் காகிதம் இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை? போர், இடப்பெயர்வு என்று சொல்லலாம். அது உண்மையும்தான். ஆனால் முழு உண்மை இல்லை. வைன் சேர்த்து வைக்கிற பொருள். சேர்த்து வைத்தால் கணக்கு வேண்டும், எந்த வருடம், எந்தத் தோட்டம், யாருக்கு விற்றது என்று எழுத வேண்டும். கள் அன்றே இறக்கி அன்றே முடிகிறது. நிலவறை இல்லாத பானத்துக்கு ஏடும் இல்லை. அதோடு, அங்கே வைன் செய்தவன் சிவப்பு அங்கி போட்டுச் சபையில் இருந்தான். இங்கே சீவுகிறவரைக் கோயில் வாசலுக்குள்ளேயே விடாத காலம் இருந்தது. கோயிலுக்கு யார் யார் என்ன தொழும்பு செய்ய வேண்டும் என்று கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் விரிவாகச் சொல்கிறது. சின்னாச்சிப் பனையைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் பத்து வருடம் தோன்றவில்லை, தேத்தண்ணீர் என்றுதானே சொன்னேன்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனை பாளை விடப் பதினைந்து வருடமாவது வேண்டும். முந்திரிகைக் கொடி மூன்றாம் வருடம் காய்க்கும். ஆனால் ஐம்பது, அறுபது வருடக் கொடியை அவர்கள் வெட்டமாட்டார்கள், காய் குறைந்தாலும் ருசி கூடும் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து பிரான்சின் பெரும்பாலான தோட்டங்களை அழித்தது. பிறகு அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டித் திரும்ப நட்டார்கள். அழிந்தபிறகும் நடலாம் என்று அந்த அம்மா அப்புவைப் பார்த்துச் சொன்னார். அப்பு சிரித்தார். பனங்கொட்டை விலையில்லாமல் கிடக்கிறது பிள்ளை, நடலாம், ஏறுகிறதுக்கு ஆள் எங்கே என்றார். அவர் பேரன் கட்டாரில்.

இப்போது எங்கள் விருந்தாளிகளுக்கு முதல் நாள் காலையில் தேநீரோடு சீனி வைப்பதில்லை, பனங்கட்டி வைக்கிறேன். அதைக் கடித்துவிட்டு என்ன இது என்று கேட்பார்கள், கேட்டால் கதை தொடங்கும். ஆடியில் வருகிறவர்களுக்கு ஆடிக்கூழ், ஆவணியில் பனங்காய்ப் பணியாரம். கோணேசர் கோயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கதைத்த நான் இப்போது இருபது நிமிடம்தான் கதைக்கிறேன். மிச்சம் சமையலறையில். கொப்பி மூன்றாவது ஓடுகிறது. அப்புவைப்போல இன்னும் ஆறு பேரைச் சந்தித்திருக்கிறேன், இரண்டு பேர் பெண்கள். கருப்பநீர் காய்ச்சியவர்கள் அவர்கள்தான், ஆனால் கணவர் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களைத் தனியாக, அடுப்படியில் வைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பிரெஞ்சுத் தம்பதி திரும்பி வந்தார்கள். பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒரு போத்தல், அப்புவுக்கென்று. இந்த முறை கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். அவர் முற்றத்தில் பாய் விரித்து, கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்பு மணந்தார், ஒரு வாய் குடித்தார், வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எந்த மரம்?" என்று என்னைக் கேட்டார்.

"மரமில்லை அப்பு, கொடி. இவையின்ட தகப்பன் நட்டதாம், மேட்டுத் தோட்டத்தில."

"எப்ப நட்டது?"

கேட்டுச் சொன்னேன். 1956.

அப்பு கிளாசை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். "அது இன்னும் நிக்குதோ?"

மொழிபெயர்த்தேன். அந்த ஐயா தலையாட்டினார்.

"அப்ப சரி" என்று அப்பு மிச்சத்தைக் குடித்தார்.